ஒருத்தர் இன்னும் வரலை

பார்சல் ஆபீஸில் சேலைக் கட்டுகளைப் போட்டுவிட்டுச் சூர்யகலா வீடு வந்து சேர்ந்தபோது மணி ஆறு. ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்திருந்த மகள் நிலா, நாலாம் வகுப்பு, பள்ளிக்கூடத்துக் கதையை இன்னும் முடித்தபாடில்லை. தெருவில் நாலைந்து வீடுகளில் தறி ஓடிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டில் கருவாடு வறுபடும் வாடை. ஆரணியில் எந்தத் தெருவுக்குப் போனாலும் சாயங்காலம் இப்படித்தான் இருக்கும், பயப்பட அதில் ஒன்றும் இல்லை.

அந்த வீட்டுக் கதவுக்குச் சாவி கிடையாது. விரலை வைத்தால் திறக்கும். சூர்யகலா கட்டைவிரலை வைத்தாள்.

"வணக்கம். உங்கள் கருவிக்குப் புதிய பதிப்பு தயாராக உள்ளது. இப்போது புதுப்பிக்கலாமா, பிறகு நினைவூட்டலாமா?"

ரயில்வே ஸ்டேஷனில் வண்டி வருகிறது என்று சொல்லுமே, அந்த மாதிரி ஒரு பெண்குரல்.

"பிறகு," என்றாள் சூர்யகலா. கதவு திறந்தது. நிலாவும் விரலை வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

அன்றைக்கு இது நாலாவது தடவை. காலையில் சோறு வடிக்கும்போது ஒருமுறை. அவள் சேலையை விரித்து, மாம்பழக் கலர், அரக்கு பார்டர் என்று போனைப் பார்த்து மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒருமுறை. நேரலையில் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள், 'புதுசா ஏதோ வந்திருக்காமே, அதையும் காட்டுங்க' என்று எழுதிவிட்டாள். மத்தியானம் சற்றுக் கண்ணசந்தபோது ஒருமுறை. கல்யாணத் தரகர்கூட மூன்று தரம் முடியாது என்றால் நாலாவது தரம் படியேற மாட்டார். இதற்கு மானமும் இல்லை, ரோசமும் இல்லை. எல்லாவற்றையும்விடக் கொடுமை, வேண்டாம் என்று சொல்ல அதில் வழியே வைக்கவில்லை. இப்போது, இல்லாவிட்டால் பிறகு. ரெண்டே பதில்தான்.

கதவோரச் சுவரில் ஒரு சிலேட்டு அளவுக்குத் திரை, அதன் கீழே சின்ன ஸ்பீக்கர். பூட்டு, விளக்கு, தண்ணீர் மோட்டார் எல்லாம் அதன் பொறுப்பு. போனில் அதற்கென்று ஒரு செயலியும் உண்டு. வீட்டில் எப்போதும் பட்டுச் சேலைகள் அடுக்கியிருக்கும் என்பதால், கணவன் குமரேசன் நாலு வருஷத்துக்கு முன்னால் வாங்கிவந்து தன் கையாலேயே மாட்டியது. செய்யாறு பக்கம் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியன் அவன். பெட்டியோடு வந்த பெண்குரல் பிடிக்காமல், முக்கியமான மூன்று வரிகளைத் தன் குரலிலேயே பதிந்து வைத்தான்.

வெளியே கிளம்புகிறவர் வாசலில் நின்று "போய்ட்டு வரேன்" என்று சொல்ல வேண்டும். யார் குரல் என்று அது தெரிந்துகொள்ளும். "சரி, ஒருத்தர் வெளிய. ஜல்தி வாங்க," என்று குமரேசன் குரலில் பதில் வரும். சாயங்காலம் ஆறரைக்கு அது ஆட்களை எண்ணும். எல்லாரும் விரல் வைத்து உள்ளே வந்திருந்தால், "எல்லாரும் வந்தாச்சு. சாத்திக்கிறேன்," என்று கதவைப் பூட்டிக்கொள்ளும். யாராவது வராவிட்டால் மூன்றாவது வரி.

அதை வீட்டில் வாட்ச்மேன் என்றுதான் கூப்பிடுவார்கள்.

தெருமுனையில் கம்பெனி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. செய்யாறிலிருந்து ஷிப்ட் முடிந்தவர்களை இறக்கிவிடும் பஸ். அப்படியென்றால் மணி ஆறு இருபது. சூர்யகலா அடுப்பைக் குறைத்தாள், டிவியை நிறுத்தினாள். தினமும் இந்தப் பத்து நிமிஷம் அவளுக்கு வேறு வேலை ஓடாது.

ஆறரை.

"ஒருத்தர் இன்னும் வரலை," என்றது குமரேசனின் குரல். "கதவ சாத்தல."

அவன் செத்துப் பதினாலு மாதம் ஆகியிருந்தது.

கார்த்திகை மழையில் ஒருநாள் கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டான். பைக்கை எடுத்துக்கொண்டு, வழக்கம்போல வாசலில் நின்று "போய்ட்டு வரேன்" என்றான். அவனுக்கு அவன் குரலே, "ஜல்தி வாங்க," என்று பதில் சொன்னது. வழியில் வண்டி சறுக்கி ரோட்டோரப் பள்ளத்தில் விழுந்தான். பள்ளம் நிறையத் தண்ணீர். மத்தியானம் ஆடு மேய்க்க வந்தவள் பார்க்கும்வரை யார் கண்ணிலும் படவில்லை. மறுநாள் சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து இறக்கினார்கள். கூடவே ஒரு பையில் ஒரே ஒரு ஷூ. இன்னொன்று கிடைக்கவில்லை. குளிப்பாட்டிப் புதுவேட்டி உடுத்திய பிறகும் அவன்மேல் சேற்று வாடை போகவில்லை.

கூடத்தில் ஐஸ் பெட்டி. சுற்றிலும் ஐம்பது பேர் அழுதுகொண்டிருந்தார்கள். சரியாக ஆறரைக்கு, பெட்டிக்குள் கண்மூடிப் படுத்திருந்தவனுடைய குரல் கதவோரத்திலிருந்து பேசியது.

"ஒருத்தர் இன்னும் வரலை. கதவ சாத்தல."

ஒப்பாரி அப்படியே நின்றது. யாரோ ஒருத்தி மயங்கி விழுந்தாள். விரல் வைத்து உள்ளே வராதவன் அதைப் பொறுத்தவரை வீட்டுக்கு வரவில்லை.

மறுநாள் பாடையைத் தூக்கும்போது இன்னொன்று நடந்தது. சாவு வீட்டில் யாரும் "போய்ட்டு வரேன்" என்று சொல்லமாட்டார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் வாயைத் திறக்காமல் எழுந்து போய்விடுவார்கள். போகிறவனைப் பார்த்து "போய்ட்டு வா" என்பது அதைவிட ஆகாது. இதெல்லாம் எட்டு வயசுக் குழந்தைக்கு எப்படித் தெரியும்? தினமும் காலையில் சொல்கிற மாதிரியே நிலா கையை ஆட்டி, "போய்ட்டு வாப்பா," என்றாள். குமரேசனின் அக்கா மணிமேகலை பாய்ந்து குழந்தையின் வாயைப் பொத்தினாள். சொன்னது சொன்னதுதான்.

காரியம் முடிந்து, தன் ஊரான தெள்ளாருக்குக் கிளம்பும் முன்னால் மணிமேகலை தம்பி பெண்டாட்டியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அந்த டப்பால இருந்து அவன் பேர எடுத்துடு சூர்யா. செத்தவன் வருவான் வருவான்னு அது தினம் வாசலப் பாத்துகினு கீது. நல்லதில்ல."

"எடுத்துடறேன் அண்ணி."

எடுக்கவில்லை. அவளால் முடியவில்லை. குமரேசன் செத்துப்போனான் என்று சொல்ல ஊரே இருந்தது. இன்னும் வரலை என்று சொல்ல அது ஒன்றுதான் இருந்தது. வாட்ச்மேன் சொல்வதைப் போனில்கூடப் பதிந்து பார்த்தாள். அந்தப் பதிவு பாட்டு மாதிரி, போட்டால் பேசியது, நிறுத்தினால் நின்றது. தானாக அவனுக்காகக் காத்திருக்கவில்லை.

தை பிறந்ததும் அந்தப் பெண்குரல் புதுசாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டது.

"உங்கள் கருவியின் ஆயுட்காலம் இம்மாதம் முப்பத்தொன்றாம் தேதியுடன் முடிகிறது. அதற்குள் புதுப்பிக்கவும். பழைய குரல் பதிவுகள் புதிய பதிப்புக்கு மாற்றப்படமாட்டா."

 சூர்யகலா, பஸ் ஸ்டாண்டு பக்கம் கேமரா கடை வைத்திருக்கும் அன்பரசுவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"நல்லாத்தானே ஓடுது தம்பி. எதுக்கு இதுக்கு ஆயுசு முடியணும்?"

"பொருளு நல்லாத்தான் கீதுக்கா. கம்பெனிக்காரன் இனிமே இத கண்டுக்க மாட்டான். அடுத்த மாடல விக்கணும் இல்லையா? நாலு வருஷம் ஆச்சுன்னா அவனுக்கு இது கிழடு. அப்டேட் பண்ணலன்னா பூட்டு வேலை செய்யாது."

"பண்ணா அவர் குரல் போயிடுமே."

அன்பரசு முக்கால் மணி நேரம் அதோடு மல்லுக்கட்டினான். கடைசியில் ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் போட்டுக்கொண்டான். "பேஜாரா கீதுக்கா. எல்லாத்தையும் உள்ளயே பூட்டி வெச்சிருக்கான். அண்ணன் பேசுனத வெளிய எடுக்க முடியல."

அவள் தினமும் 'பிறகு, பிறகு' என்று தள்ளிக்கொண்டே வந்தாள். ஒரு நாளைக்கு நாலு தடவை என்பது பத்தானது. பத்து இருபதானது.

முப்பத்தொன்றாம் தேதி சனிக்கிழமை. பட்டப்பகல், மூன்று மணி. பாலை அடுப்பில் வைத்துவிட்டு, நிலாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, வாட்ச்மேனிடம் சொல்லிக்கொள்ளாமலே முக்குக் கடையில் சர்க்கரை வாங்கப் போனாள். ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. திரும்பி வந்து விரலை வைத்தாள்.

"உங்கள் கருவி காலாவதியாகிவிட்டது. புதுப்பிக்காமல் கதவைத் திறக்க இயலாது."

மறுபடி வைத்தாள். மறுபடி அதையே சொன்னது. கொல்லைக் கதவுக்கு ஓடினாள். அதற்கும் அதே பூட்டு, அதே பதில். உள்ளேயிருந்தும் திறக்க வழியில்லை.

"அம்மா," ஜன்னலுக்குள்ளிருந்து நிலா கூப்பிட்டாள். "பால் பொங்கி அடுப்பு அணைஞ்சிடுச்சு. நாத்தம் வருதுமா."

"கேஸ அணைடி. குமிழத் திருப்பு."

"சுடுதுமா. திரும்ப மாட்டேங்குது."

கேஸ் வாடை ஜன்னல் வழியாகச் சூர்யகலாவுக்கே அடித்தது. "ஜன்னல விட்டு நகராத. எந்த சுவிட்சும் போடாத," என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தாள்.  'இப்போது' என்பதை முதல்முறையாக அழுத்தினாள்.

போன் திரையில் எழுத்து வந்தது.

'புதுப்பிக்க, உறுப்பினர் அனைவரும் இல்லத்தில் இருக்க வேண்டும். குமரேசன் வெளியே இருக்கிறார்.'

அதன் கீழே இரண்டு பொத்தான்கள்.

குமரேசனை நீக்கு.

குமரேசனை உள்ளே சேர்.

நீக்கு என்பதைத் தொட்டால் போதும், கதவு திறந்துவிடும். அவளுக்குத் தெரியாதா? தாலியைக் கழற்றிக் கொடுத்த கைதான் அது. இறப்புச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டு வாங்கிய கைதான். ஆனாலும் போய்ட்டு வரேன் என்று சொல்லிவிட்டுப் போனவனை, அவன் பேரைப் பார்த்துக்கொண்டே நீக்கு என்று அழுத்த அவளுக்கு மனசு வரவில்லை. உள்ளே குழந்தை இருமியது.

'உள்ளே சேர்' என்பதை அழுத்தினாள்.

பூட்டு விலகியது. அவள் கதவைத் தள்ளுவதற்குள், ஏதோ ஒன்று தோளை உரசிக்கொண்டு முந்தி உள்ளே போனது. தை மாதத்து வெயிலில் ஈரச்சட்டை பட்ட மாதிரி ஜில்லென்றிருந்தது.

உள்ளே ஓடினாள். அடுப்பின் குமிழ் திருப்பி அணைக்கப்பட்டிருந்தது. கொல்லைப்பக்க ஜன்னல் அகலத் திறந்து கிடந்தது.

"நீயா அணைச்ச?"

"இல்லமா," என்றாள் நிலா. "தானா திரும்பிச்சு."

கதவோரத்தில் பெண்குரல் கேட்டது. "வாழ்த்துகள். புதுப்பித்தல் நிறைவடைந்தது. இல்லத்தில் மூவர் உள்ளனர்."

சாயங்காலம் தெருமுனையில் ஹாரன் அடித்தபோது சூர்யகலா பழக்கதோஷத்தில் அடுப்பைக் குறைத்தாள். பிறகுதான் நினைவு வந்தது. இனிமேல் கேட்க ஒன்றுமில்லை, அவன் குரல் அழிந்துபோனது. புடவைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஆறரை.

"எல்லாரும் வந்தாச்சு. சாத்திக்கிறேன்."

குமரேசன்தான். பதினாலு மாதமாகக் கேட்காத வரி. பூட்டு டக்கென்று விழுந்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுக்குத் தாங்கமுடியாத சந்தோஷம்.

அப்புறம்தான் அந்த வாடை வந்தது. சேறு.

வாசலிலிருந்து அடுப்படிவரை தரையில் ஈரக்காலடி. வலது கால் ஷூ போட்டது. இடது கால் வெறுங்கால்.

சூர்யகலா துணியை எடுத்து ஒவ்வொன்றாகத் துடைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. தன் புருஷன்தானே, நம்மை என்ன செய்துவிடப் போகிறான் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை கதவு திறக்கவில்லை. விரலை வைத்துப் பார்த்தாள், போனில் தட்டிப் பார்த்தாள். பள்ளிக்கூடப் பையோடு நின்ற நிலா அலுத்துப்போய், "போய்ட்டு வரேன்பா," என்றாள். பூட்டு பாதி விலகியது. சூர்யகலாவும் சொன்ன பிறகுதான் மீதி விலகியது. திரும்பி வருவோம் என்று வாக்குக் கொடுக்காமல் அது இருவரையும் வெளியே விடவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் நிலாவுக்கு ஜுரம் அனலாக அடித்தது. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போகலாம் என்று கதவுக்கு வந்தபோது மணி ஆறே முக்கால். பூட்டு அசையவில்லை.

"போய்ட்டு வரேன்," என்றாள்.

கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள்.

"போய்ட்டு வரோம். புள்ளைக்கு ஜுரம். கதவத் திறங்க."

"எல்லாரும் வந்தாச்சு," என்றது குரல்.

"உங்க புள்ளதானே. டாக்டர்கிட்ட காட்டிட்டு ஜல்தி வந்துடறோம்."

"எல்லாரும் வந்தாச்சு."

அது சுவரிலிருந்து வரவில்லை. அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து, கூடத்திலிருந்து வந்தது. சூர்யகலா திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்தாள். விடியும்வரை நிலாவின் நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்தாள். சில தடவை அவள் மாற்றுவதற்கு முன்பே துணி ஈரமாகியிருந்தது.

காலையில் அந்த வார்த்தையைச் சொல்லிக் கதவைத் திறந்து, டாக்டரிடம் காட்டிவிட்டு, ஆஸ்பத்திரி வாசலில் நின்றே மணிமேகலைக்குப் போன் போட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். 'உள்ளே சேர்' என்று அழுத்தியதையும் சொன்னாள். 

"நீயே கூப்ட்டுட்டியேடி," என்றாள் மணிமேகலை. அவள் குரல் உடைந்தது. செத்தது அவள் தம்பியும்தான்.

மத்தியானத்துக்குள் தெள்ளாரிலிருந்து வந்துவிட்டாள். அன்பரசுவும் வந்தான். வாட்ச்மேனைச் சுவரிலிருந்து கழற்றி, திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் முகம் மாறியது.

"அக்கா, இது சனிக்கிழமையே செத்துப்போச்சு. அப்டேட் பாதியிலயே நின்னுட்டு கீது. உள்ள எதுவும் ஓடல."

"பூட்டு?"

"அதுவும்தான். இந்த அஞ்சு நாளா இத பூட்டவும் முடியாது, திறக்கவும் முடியாது."

 அன்பரசு அதை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டு கிளம்பினான். வாசலைத் தாண்டும்போது "வரேன்க்கா" என்று சொல்ல வாயெடுத்தவன், சொல்லாமலே போனான். சுவரில் நாலு ஸ்க்ரூ ஓட்டைகள் மட்டும் மிச்சம்.

ரெண்டு பை துணி, ஒரு பை சேலை. போதும் என்றாள் மணிமேகலை. போனிலிருந்த அந்தச் செயலியையும் சூர்யகலா அழித்தாள்.

"கேளு நிலா. வாசல் தாண்டும்போது ஒரு வார்த்த பேசக்கூடாது," மணிமேகலை கிசுகிசுத்தாள். "சாவு வூட்ல இருந்து போற மாதிரி வாய மூடிகினு வந்துடணும். சூர்யா, உனக்கும்தான்."

நாலரை மணி வெயில். ஆட்டோ வாசலில் நின்றது. சூர்யகலா நிலைப்படியில் ஒரு கணம் தயங்கினாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து பதினேழு வருஷம் தினமும் சொன்ன வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. உதட்டைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள். நிலாவும் சொல்லவில்லை. மணிமேகலை கதவை இழுத்து, புதுசாக வாங்கிய திண்டுக்கல் பூட்டைப் போட்டு, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பின்சீட்டில் ஒரு ஓரம் மணிமேகலை, நடுவில் நிலா, இந்த ஓரம் சூர்யகலா. ஆட்டோ தெருமுனையைத் தாண்டியது. தறிச் சத்தம் பின்னால் தேய்ந்தது.  சூர்யகலா கண்ணை மூடி மூச்சை விட்டாள். முடிந்தது. அவன் வீட்டுக்கு வந்துவிட்டான், அங்கேயே இருக்கட்டும்.

மடியிலிருந்த போன் அதிர்ந்தது.

அழித்த செயலியிலிருந்து வந்திருந்தது.

'இல்லத்தில் யாரும் இல்லை. மூவரும் வெளியே.' அதன் கணக்கில் மணிமேகலை கிடையாது.

கீழே ரெண்டு பொத்தான்கள். சரி. பிறகு.

வேண்டாம் என்று சொல்ல அதில் வழியில்லை.

"ஏண்டி என்ன நெருக்குற?" என்றாள் மணிமேகலை. "அந்தப் பக்கம்தான் இவ்ளோ எடம் கீதே."

"தள்ளி உக்காருங்க அத்த," என்றாள் நிலா. நன்றாக அவள் பக்கம் ஒட்டிக்கொண்டு, நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டாள்.

சூர்யகலா குனிந்து பார்த்தாள். அவளுக்கும் நிலாவுக்கும் நடுவில் சீட்டு மெல்ல ஈரமாகிக்கொண்டிருந்தது.